அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் வருடம்

மார்ச் 3, 2025

நாவலின் முதல் அத்தியாயத்தை இன்று மொத்தமாகத் தூக்கிவிட்டேன். செங்கம் பக்கத்துக் கிராமம், முறிந்துபோன கல்யாணம், 22 வயதில் தனியாகச் சென்னைக்கு வருகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் அழுகிறாள், நகரத்தைக் கண்டதும் மிரள்கிறாள். மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய 14 பக்கம். திரும்பப் படித்தபோது அதில் அவளைக் காணவில்லை, அவளுக்காகப் பரிதாபப்படுகிற நான்தான் இருந்தேன்.

பெயர்கூட வைக்கவில்லை. ‘அவள்’ என்றே ஓட்டியிருக்கிறேன்.

மார்ச் 5

எந்த வருடம் வருகிறாள் என்பதையே நான் முடிவு செய்திருக்கவில்லை. அது தெரியாமல் ஒரு வரி நகராது. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தது 2023 டிசம்பர் 30. அதற்கு முன்னால் வந்தால் கோயம்பேட்டில் இறங்குவாள், விடிகாலையில் மார்க்கெட் பூ வாசனையோடு சென்னை தொடங்கும். 2021 மே மாதத்துக்குப் பிறகு என்றால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. லீவு நாளில் கையில் பத்து ரூபாய்கூட இல்லாமல் மெரினாவுக்குப் போய்த் திரும்பலாம். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவளுக்கு அது எத்தனை பெரிய விடுதலை!

சரி, 2022 என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 9

சித்தியிடம் போனில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். 1996-ல் சித்தப்பாவை விட்டுவிட்டு ஊரிலிருந்து வந்தவர். தி.நகரில் ஒரு துணிக்கடையில் ஆறு வருடம் புடவை கவுன்டரில் நின்றார். இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“சித்தி, பஸ்ல வரும்போது அழுதீங்களா?”

“அழுறதெல்லாம் ஊர்லயே அழுது முடிச்சாச்சு கண்ணு. பஸ்ல நல்லாத் தூங்கினேன். அப்படித் தூங்கி ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு.”

போனை வைத்த பிறகு இதை நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டேன்.

காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணி நேரம் உட்காரலாம். கூட்டமே இல்லாத மத்தியானத்தில்கூட சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார். இப்போதும் சித்தியின் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். சின்ன வயதில் அதைத் தொட்டு விளையாடியிருக்கிறேன்.

மார்ச் 10

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னால் கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜியும் அவரோடு சேர்ந்த கடைப் பெண்களும் வருடக்கணக்காக நடத்திய போராட்டம் இருக்கிறது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! சித்திக்கு இது 25 வருடம் பிந்தி வந்தது. என் நாயகிக்கு வேலையில் சேரும்போதே இருக்கிறது. ஆனால் ஸ்டூல் இருப்பது வேறு, அதில் போய் உட்காருவது வேறு. மூன்றாம் அத்தியாயம் இதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

மார்ச் 16

தி.நகர் போனேன். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ஆகாய நடைபாதையில் ஏறாமல், ரங்கநாதன் தெரு கூட்டத்துக்குள்ளேயே நடந்தேன். ஒரு கடையில் புடவை பார்ப்பதுபோல் நின்று, மடிக்கிற பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு முனையையும் விரலால் தேடிப் பிடித்து, ஒரு உதறு, பாதியாக, அதில் பாதியாக, கடைசியில் முந்தானை சரியாக மேலே வந்து நிற்கிறது. இடது முன்கையால் ஒரு தடவு, சுருக்கம் போய்விட்டது. ஒரு குடும்பம் பிரித்துப்போட்ட குவியல் முழுவதும் பத்து நிமிஷத்தில் அடுக்கில் ஏறியது. எடுத்தது ஒரே ஒரு புடவை.

கவுன்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பில் புத்தகமும் கட்டைப்பைக் கட்டும்.

மார்ச் 20

சித்தி திரும்ப அழைத்தார். “ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். முதல் சம்பளத்துல என்ன வாங்கினேன் தெரியுமா? பச்சை வாளி.” ஹாஸ்டலில் பொது வாளிக்குக் காலையில் சண்டை நடக்குமாம். வாளியை வாங்கிவந்து, பக்கத்துக் கட்டில்காரியிடம் நெயில் பாலிஷ் கேட்டு, தன் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார். “ஊர்ல யாரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டா? இன்னார் பொண்ணு, இன்னார் பொண்டாட்டி. வாளிக்குத்தான் முதல்ல என் பேரு தெரியும்.”

மார்ச் 21

நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் கோயம்பேட்டில் இறங்கும் வரை தூங்குகிறாள். கண்டக்டர் தட்டி எழுப்புகிறார். அப்புறம் ஹாஸ்டல், கடை, முதல் சம்பளம். வாளியின் வெளிப்பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் வழிந்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறாள்: அஞ்சலை. ‘லை’ ஓரத்தில் கொஞ்சம் நெருங்கிவிட்டது. காய்கிற வரை வாளியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் மடியிலேயே வைத்திருக்கிறாள்.