ஸ்ட்ரா ஏமாற்றியது, பூவரசு காப்பாற்றியது

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேர். ஒலி பற்றிச் செய்து காட்டக் காகித ஸ்ட்ரா வாங்கி வைத்திருந்தேன். ஒரு முனையைத் தட்டையாக்கி, கூராக வெட்டி ஊதினால் பீப்பீ என்று கத்தும். முன்பு பிளாஸ்டிக்கில் செய்வேன். 2019இல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்தது, நல்லதுதான். ஆனால் காகித ஸ்ட்ரா எச்சில் பட்டு இரண்டே ஊதலில் ஊமையாகிவிட்டது. பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அப்புறம்தான் தெருமுனைப் பூவரசு நினைவுக்கு வந்தது. காலணா செலவில்லை. இலையைக் குழலாகச் சுருட்டி, குறுகிய முனையை விரலால் நசுக்கி ஊதினேன்.

"மாமா, இது எங்க தாத்தாவோட சீவாளி மாதிரியே இருக்கு" என்றாள் நாலாம் வகுப்புக்காரி. தாத்தா நாதஸ்வரக்காரர்; சீவாளி என்பது நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் பாகம். நான் சொல்ல வந்ததையே சொல்லிவிட்டாள். நசுக்கிய இடத்தில் இலையின் இரண்டு உதடுகளும் படபடவென்று அதிர்கின்றன, சீவாளியிலும் அதுதான் நடக்கிறது. விரல் நுனியை வைத்துப் பார்க்கச் சொன்னேன், கூசுகிறது என்று சிரித்தார்கள்.

கத்தரிக்கோலால் மறுமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினோம். உள்ளே காற்றுத்தூண் குட்டையாகக் குட்டையாகச் சத்தம் கீச்சென்று ஏறியது. மேலே இன்னொரு இலையைச் சுற்றி நீளமாக்கினால் இறங்கும்; அது அவர்களே கண்டுபிடித்தது, நான் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் மரத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் இலை இல்லை.