தண்ணீர்மலைப் பூங்கா உயிரினக் கணக்கெடுப்பு: இதுவரை

தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டி வரும் பினாங்கு தாவரவியல் பூங்கா 1884இல் தொடங்கியது. அதனால் செடிகளில் முதல் சிக்கலே, எது நட்டது, எது தானாக முளைத்தது என்பதுதான். நாகலிங்க மரம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் ஏற்றும்போது ‘வளர்க்கப்பட்டது’ என்று குறிக்காவிட்டால், காட்டு மரமாகப் பட்டியலில் ஏறிவிடும். பெயர்ப்பலகையோ வரிசையோ தெரிந்தால் நட்டது என்றே வைத்துக்கொள்கிறோம். உண்மையான வேட்டை வடிகால் ஓரத்திலும் சுவர் வெடிப்பிலும் மரக் கவட்டையிலும்தான்.

ஒரு செடிக்கு நான்கு படம்: முழுச் செடி, இலை தண்டில் சேரும் இடம், இலையின் அடிப்பக்கம், பூ அல்லது காய். பலரும் பூவோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது படம்தான் அதிகம் உதவுகிறது. இட்லிப்பூ குடும்பத்தில் எதிரெதிர் இலைகளுக்கு நடுவே சிறு செதில் இருக்கும். அது தெரிந்தால் குடும்பம் பிடிபட்டுவிடும். புல்லைப் படமெடுக்கும்போது கைப்பேசி பின்னணியைத்தான் தெளிவாக்கும். பின்னால் உள்ளங்கையை வைத்தால் சரியாகும். அடர்ந்த நிழலில் ஜிபிஎஸ் தடுமாறும். துல்லியம் 10 மீட்டருக்குள் வரும்வரை காத்திருங்கள்.

பறவைகளுக்கு 200 மீட்டர் இடைவெளியில் நின்று எண்ணும் நிலையங்கள், ஒவ்வொன்றிலும் 10 நிமிடம். விடிந்ததும் தொடங்க வேண்டும், நடைப்பயிற்சிக் கூட்டம் சேர்ந்தபின் காது வேலை செய்யாது. தாளில் மூன்று குறி: ‘பா’ பார்த்தது, ‘கே’ கேட்டது, ‘ப’ மேலே பறந்து போனது. உழவாரக் குருவிகளைப் ‘ப’வில் போடாவிட்டால் எண்ணிக்கை வீங்கிவிடும். துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலிலேயே கத்தும். ஆகவே ‘கே’ மட்டும் உள்ள அரிய பெயரை யாராவது கண்ணால் பார்க்கும்வரை பட்டியலில் சேர்ப்பதில்லை. கறாரான விதிதான், ஆனால் தேவை.

குரங்குக் கூட்டத்தை மரத்தில் எண்ணவே முடியாது. சாலையைக் கடக்கும்போது எண்ணுங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் கையில் வேண்டாம், நீண்டவால் குரங்குகளுக்கு அது சாப்பாட்டுப் பொட்டலம்.

இன்னொன்று: அருகிவரும் இனங்கள் சிலவற்றின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைக்கிறது. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி விழும். இங்கே எடுத்த பதிவு கடலிலோ எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலோ போய் நிற்கும். பூங்கா எல்லையை வைத்துத் தேடினால் வராது. எனவே தனி எக்செல் தாளிலும் எழுதிவைக்கிறோம்.

தும்பிகளை இன்னும் தொடவில்லை. அவற்றுக்கு வெயில் ஏற வேண்டும், காலைச் சுற்றில் சிக்காது.