முதலில் அளவு எடுப்போம்

மன்னார்குடி டீக்கடையில் நேற்று கஞ்சா பற்றிப் பேச்சு வந்தது. "வெளிநாட்டில் கடை வைத்தே விற்கிறார்களாமே தம்பி?" என்றார் ஒரு பெரியவர். உண்மைதான். உருகுவே 2013இல் அதை அனுமதித்துச் சட்டம் போட்டது, கனடா 2018இல். அமெரிக்காவின் கொலராடோவில் 2014 ஜனவரி 1 முதல் 21 வயது ஆனவர்கள் கடையில் வாங்கலாம். வரியில் ஒரு பங்கு பள்ளிக் கட்டடங்களுக்குப் போகிறது.

எனக்கு வரியை விட முக்கியமாகப் படுவது வேறு. மூன்று ஆண்டு கழித்து விளைவுகளை ஆராய வேண்டும், குறிப்பாக இளையோர் பழக்கத்தை, என்று கனடா சட்டத்திலேயே எழுதிவைத்தது. ஆனால் முந்தைய கணக்கு கையில் இல்லாமல் பிந்தைய கணக்கை எதோடு ஒப்பிடுவது? மேட்டூரில் எத்தனை அடி என்று தெரியாமல் நாம் நாற்றங்கால் விடுவோமா? விபத்துக் கணக்கு இன்னும் சிக்கல். கஞ்சாவின் தடயம் ரத்தத்தில் பல நாள் தங்கும். ஓட்டியபோது போதையில் இருந்தாரா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இங்கே 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா குற்றம். சரி, இருக்கட்டும். எந்த வயதில் தொடங்குகிறார்கள், எத்தனை பேர் சிகிச்சைக்கு வருகிறார்கள் என்று மாவட்டவாரியாக இப்போதே எண்ணத் தொடங்குங்கள். என் அக்கா மகனுக்கு 16 வயது. அந்த எண்கள் எனக்கு வேண்டும்.