வால்ஹெய்மில் போர்ட்டல் வழியே இரும்பை விடலாமா?

வால்ஹெய்ம் என்ற வைக்கிங் வீடியோ விளையாட்டை ஆடுகிற நாலு பேர் சேர்ந்தால் இந்த வாக்குவாதம் கட்டாயம் வரும்: நொடியில் வேறிடம் சேர்க்கும் வாயிலான போர்ட்டலில் ஏன் உலோகம் போகக் கூடாது? 2023 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு, உலகத்தைத் திறக்கும் முன் அமைப்புகளில் போர்ட்டலை கேஷுவல் என்ற எளிய நிலைக்கு மாற்றினால் எல்லாமே போகும். மாற்றாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

இரும்புக் கவசம் தலை, மார்பு, கால் மூன்றுக்கும் தலா 20, மொத்தம் 60 இரும்பு. சதுப்பு நிலக் கல்லறைகளில் கிடைக்கும் பழைய இரும்பு ஒவ்வொன்றும் 10 எடை. நாம் சுமக்க முடிவது 300. ஆயுதம், கவசம், சாப்பாடு போக ஒரு நடைக்கு இருபது தேறினாலே பெரிது. அங்கேயே உலை கட்டி உருக்கினாலும் பாரம் குறையாது. இரும்புக் கட்டி ஒன்று 12 எடை. படகில் ஏற்றிவிட்டால் எடைக் கவலை இல்லை, பொருள் வைக்கும் அறை மட்டும்தான் கணக்கு. கார்வ் என்ற சிறிய படகில் 4 அறை, அறைக்கு 30 வீதம் 120 இரும்பு. பெரிய படகான லாங்ஷிப்பில் 18 அறை. ஆக, கல்லறைக்கு ஒட்டிய கரையில் கார்வைக் கட்டிவிட்டு உள்ளே போனால் முழுக் கவசத்துக்கும் ஒரே கடல் பயணம் போதும். சலித்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் படகைத் தூரத்தில் விட்டுவிட்டுச் சேற்றில் சுமந்து நடப்பவர்கள்.

சரக்கு ஏற்றிய படகில்தான் கடல்பாம்பைக் கண்டு பயம் வரும். போர்ட்டலைத் திறந்துவிட்டால் துறை எதற்கு, சாலை எதற்கு, இடைவழியில் ஒரு குடில் எதற்கு? அதே பயணத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது அலுப்புத்தான், அதை மறுக்கவில்லை. அதற்கு வளங்களின் அளவை 1.5 மடங்காக்குங்கள். ஏறி இறங்க வேண்டிய கல்லறைகள் குறையும், பயம் அப்படியே இருக்கும்.

சண்டையின் கடினத்தைக் குறைக்கும் முன் கவசக் கணக்கைப் பாருங்கள். சமவெளியில் பறந்து வரும் டெத்ஸ்கீட்டோ என்ற ராட்சதக் கொசுவின் குத்து 90. கவசம் அடியில் பாதிக்குக் குறைவாக இருந்தால் நேர்க் கழித்தல். வெண்கலக் கவசம் 24, எனவே 66 உயிர்ப் புள்ளி போகும். புது இரும்பு 42, போவது 48. பாதியைத் தாண்டினால் சூத்திரம் மாறும்: அடியின் வர்க்கத்தைக் கவசத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். முழுக்க மேம்படுத்திய இரும்பு 60, அப்போது சுமார் 34தான். சாப்பிடாதவனுக்கு மொத்த உயிரே 25; அவனை இந்தக் கவசங்களில் எதுவும் காப்பாற்றாது. அந்தக் கொசுவுக்கோ உயிர் 10தான், கேடயத்தில் தடுத்து ஒரு வெட்டு வெட்டினால் முடிந்தது.

நான் தாராளமாகக் குறைக்கச் சொல்வது, ஆட்டத்தில் செத்தால் விழும் தண்டத்தை. நார்மலில் ஒவ்வொரு திறனிலும் 5% போகும். 10இல் இருப்பவனுக்கு அரைப் புள்ளி, 60இல் இருப்பவனுக்கு 3 புள்ளி; அந்த மூன்றை மறுபடி ஏற்ற மணிக்கணக்காகும். பொருளெல்லாம் செத்த இடத்து நடுகல்லில் கிடக்க, வெறுங்கையோடு மீட்கப் போவதே போதுமான தண்டனை. அதற்காக ஒரு பழைய கவச செட்டும் மூன்று வகைச் சாப்பாடும் வீட்டுப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.