சேற்றோடு போவது ஒன்று, தெளிந்த நீரில் போவது இன்னொன்று

மழை விட்டதும் ஆறு செம்மண் நிறத்தில் ஓடினால் வயல் மண் கரைந்து போகிறது என்று யாருக்கும் புரியும். நான்கு நாளில் தண்ணீர் தெளிந்துவிடும், நாமும் மறந்துவிடுவோம். உண்மையில் அந்தத் தெளிந்த தண்ணீரில்தான், தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்திலிருந்து உண்டாகும் நைட்ரேட் கரைந்து வந்துகொண்டிருக்கும்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) களிமண் துகளை இறுகப் பற்றிக்கொள்ளும். மண் அரித்தால் அதுவும் கூடவே போகும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. தண்ணீரில் கரைந்து வேருக்குக் கீழே இறங்கி, நிலத்தடி நீராகவோ புதைகுழாய் வடிகால் வழியாகவோ ஆற்றுக்குப் போய்விடும். முன்னதைக் கரையோரப் புல் தடுக்கும். பின்னது புல்லுக்கு அடியிலேயே கடந்துவிடும். ஒரே மருந்தை இரண்டுக்கும் போட்டுவிட்டு "பலனில்லை" என்று கைவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

கரையில் எதைக் கட்டுவதற்கும் முன்னால் உரக் கணக்கைச் சரிசெய்யுங்கள். செலவே இல்லாத வேலை இது. பயிருக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்தும் 50 கிலோ மணிச்சத்தும் பரிந்துரை என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மணிச்சத்துக்கு, இரண்டு சத்தும் கலந்த உரமான டி.ஏ.பி. 109 கிலோ வேண்டும். அதிலேயே ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது. மீதி 100 கிலோவுக்கு 218 கிலோ யூரியா போதும். டி.ஏ.பி.யில் வந்ததைக் கழிக்க மறந்தால் 261 கிலோ போடுவோம். மிகையான 43 கிலோ யூரியா பயிருக்குத் தேவையில்லாதது. நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்கத்தான் அது காத்திருக்கும். தொழுவுரம் போட்டிருந்தால் அதன் சத்தையும் கழிக்க வேண்டும்.

மண் பரிசோதனைக்கு 15 செ.மீ. ஆழத்தில் 'வி' வடிவில் வெட்டி, 10 முதல் 15 இடங்களில் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அனுப்புங்கள். வரப்பு ஓரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல் வேண்டாம். மணிச்சத்து 'அதிகம்' என்று வந்தால் அந்தப் பருவம் மணிச்சத்து உரத்தை நிறுத்தலாம். இதற்குப் பலருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் ஆற்றுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பேன்.

யூரியா மண்ணில் விழுந்ததும் மண் அதைப் பிடித்துக்கொள்வதில்லை. அது அம்மோனியமாக மாறச் சில நாட்கள் ஆகும், அதன் பிறகே மண்ணில் ஒட்டும். அந்த இடைவெளியில் கனமழை கொட்டினால் கரைந்து ஓடிவிடும். இரண்டு நாளில் கனமழை என்று முன்னறிவிப்பு இருந்தால் மேலுரத்தைத் தள்ளிவையுங்கள். உரத்தை மண்ணுக்குள் இறக்கும் அளவுக்கு லேசான தூறல் என்றால் நல்லதுதான்.

உழாமல் பயிரிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண்ணரிப்பு குறையும், ஆனால் மேலே தூவிய மணிச்சத்து மேல் 5 செ.மீ.யிலேயே சேர்ந்து நிற்கும். மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு போகும். ஆற்றைக் கெடுக்கும் பாசிக்கு உடனே உணவாவது இந்தக் கரைந்த வகைதான். அதனால் மணிச்சத்தைத் தூவாமல், விதை வரிசைக்குப் பக்கத்தில் 5 செ.மீ. ஆழத்தில் வையுங்கள்.

கரையோரப் புல்வரிசை போடும் முன் நல்ல மழையில் ஒருமுறை வயலைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் பரவலாக வழிந்தால் புல் வேலை செய்யும். ஒரே பள்ளத்தில் கூடி ஓடினால், 10 மீட்டர் அகலப் புல்லையும் அறுத்துக்கொண்டு போய்விடும். அங்கே அந்தப் பள்ளத்தையே அகலமாகவும் ஆழமில்லாமலும் சீர்செய்து புல் வளர்க்க வேண்டும். இன்னொரு கோளாறு மெதுவாக வரும். புல்லின் வயல்பக்க விளிம்பில் வண்டல் சேர்ந்து சிறு கரையாக எழும். தண்ணீர் அதை ஒட்டியே ஓடி, தாழ்ந்த ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு ஆற்றில் விழும். வண்டலை அள்ளி வயலுக்கே திருப்புங்கள். புல்லையும் அறுத்து வெளியே எடுங்கள். அங்கேயே மக்கவிட்டால் பிடித்த மணிச்சத்து மீண்டும் கசியும்.

நைட்ரேட்டுக்கு, வடிகால் வாயில் மரச்சில்லு நிரப்பிய குழி நன்றாக உதவும். காற்றில்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் மரத்தின் கரிமத்தை உண்டு, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும். சில்லு 1 முதல் 5 செ.மீ. வரை இருக்கட்டும். மரத்தூள் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே 4 முதல் 8 மணி நேரம் தங்குமாறு இருபுறமும் பலகை மடை வையுங்கள். வேகமாகப் போனால் நைட்ரேட் தப்பிவிடும். தேங்கிவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அப்போது வெளிவாய் மடையில் ஒரு பலகையை எடுத்து நீர்மட்டத்தைத் தாழ்த்துங்கள். வெள்ள நீருக்குத் தனி மாற்றுவழி கட்டாயம். முதல் சில வாரங்கள் பழுப்பு நீர் வரும். அது ஓடையின் ஆக்சிஜனைக் குறைக்கும் என்பதால் ஓடையில் நீர் குறைந்த காலத்தில் தொடங்க வேண்டாம்.

நீரில் உள்ள சத்தை அளக்கும்போது ஆய்வறிக்கையில் அலகைப் பாருங்கள். 'நைட்ரேட்-நைட்ரஜன்' லிட்டருக்கு 10 மி.கி. என்பதும் 'நைட்ரேட்' 44 மி.கி. என்பதும் ஒன்றே. இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகும். மாதிரியை வெள்ளம் ஏறும்போதே எடுங்கள், வடிந்த பிறகு எடுத்தால் சேற்றின் பெரும்பகுதி போயிருக்கும். ஆற்றுப்படுகையில் பழைய மணிச்சத்தும் நிலத்தடியில் பழைய நைட்ரேட்டும் பல ஆண்டுகள் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே தொடக்க ஆண்டுகளில் ஆற்றில் மட்டும் அளக்காமல் வயலின் வடிகால் வாயிலும் அளந்து வாருங்கள். மாற்றம் முதலில் அங்கேதான் தெரியும்.