1932 ஃபோர்டுக்குள் கண்ணில் படாத ஏசி

என் 1932ஆம் ஆண்டு ஃபோர்டு டியூடர் (இரண்டு கதவு) காரில் ஏசி பொருத்தும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. குளிரூட்டும் கேஸ் நிரப்பி, அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள ஃபீனிக்ஸ் நகர வெயிலில் ஓட்டியும் பார்த்தாயிற்று. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் செய்தவற்றை எழுதிவைக்கிறேன்.

இது ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார். உடல் அந்தக் காலத்தது, என்ஜின் பிற்காலத்தது. ஃபோர்டு இதில் வைத்துக் கொடுத்தது 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன் கொண்ட எட்டு சிலிண்டர் வி8 என்ஜின். என் காரில் அது எப்போதோ கழற்றப்பட்டு, அந்த இடத்தில் செவர்லேயின் 350 கன அங்குல வி8 உட்கார்ந்திருக்கிறது. பானெட்டின் மேல்மூடி உண்டு, பக்கத் தகடுகள் கிடையாது. கலிபோர்னியாவின் மியூராக் வறண்ட ஏரிப்படுகையில் வேகப்பந்தயம் ஓட்டிய இளைஞர்கள், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே, எடையைக் குறைக்கத் தேவையற்ற தகடுகளையெல்லாம் கழற்றிவிடுவார்கள். திறந்த என்ஜின் அந்த மரபின் மிச்சம். ஆகவே என்ஜினைச் சுற்றி எதைச் சேர்த்தாலும் தெருவில் போகிறவருக்குக்கூடத் தெரிந்துவிடும். கேஸை அழுத்தித் தள்ளும் பளபளப்பான கம்ப்ரசரையும் தடித்த ஹோஸ்களையும் அங்கே தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த ஊர் வெயிலையும் அலட்சியப்படுத்த முடியாது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் இங்கே வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. ஏசி இல்லாவிட்டால் ஆண்டில் பாதி நாள் கார் கொட்டகையிலேயே கிடக்கும்.

கார் ஏசியின் வரலாற்றைப் பார்த்தால் இடப் பிரச்சினை தொடக்கத்திலிருந்தே இருந்தது புரியும். 1940ஆம் ஆண்டு மாடலில் பேக்கார்டு நிறுவனம் முதன்முதலாக ஏசி கொடுத்தபோது விலை 274 டாலர். குளிரூட்டும் பகுதி டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசரை என்ஜினிலிருந்து துண்டிக்கும் கிளட்ச் இல்லை. ஏசி வேண்டாமென்றால் என்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 1954இல் நாஷ் நிறுவனம்தான் எல்லாவற்றையும் காரின் முன்பக்கத்துக்குள்ளேயே அடக்கியது. இன்று பழைய கார்களுக்கென்றே சிறிய ஏசிகள் கிடைக்கின்றன. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1976இல் தொடங்கிய வின்டேஜ் ஏர் இதில் முன்னோடி.

ஏசியை மறைக்க வேண்டுமென்றால் அது சிறியதாக இருக்க வேண்டும். சிறிய ஏசி போதுமானதாக இருக்க வேண்டுமென்றால் காருக்குள் வெப்பம் நுழைவதை முதலில் குறைக்க வேண்டும். இந்த வரிசையை நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் ஏசிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே சீட், தரைவிரிப்பு, கதவுப் பலகை எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.

ஃபோர்டு கார்களுக்கு முழு இரும்புக் கூரை வந்தது 1937இல். அதற்கு முந்தைய கார்களில் கூரையின் நடுப்பகுதி மரச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய துணி. கறுப்பு நிறம் வேறு. அதன் அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய நுரைப்பலகையை வெட்டிப் பொருத்தினேன். தரையிலும், என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரிலும் முதலில் பியூட்டைல் எனும் ரப்பர் வகை ஷீட், அதன்மேல் நுரை. பிறகு ஓட்டைகள். பெடல் தண்டு, ஸ்டீயரிங் தண்டு, ஆக்சிலரேட்டர் கேபிள், எப்போதோ யாரோ துளைத்துக் கைவிட்ட வயர் வழிகள் என்று ஒவ்வொன்றையும் தேடி அடைத்தேன். இருட்டிய பிறகு காருக்கு அடியில் விளக்கை வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஒளி வரும் இடமெல்லாம் தெரியும். சூடான காற்று வரும் வழியும் அதுதான். இந்தக் காரின் கண்ணாடிகள் எல்லாம் தட்டையானவை. லேசான பச்சைச் சாயல் கொண்ட லேமினேட்டட் கண்ணாடியைச் சாதாரணக் கண்ணாடிக் கடையிலேயே வெட்டி வாங்கிவிடலாம்.

மிகவும் யோசிக்க வைத்தது கம்ப்ரசர். சாண்டன் நிறுவனத்தின் 508 மாடல் பலரும் போடுவது. ஒரு சுற்றுக்கு 138 கன சென்டிமீட்டர் தள்ளும். நான் எடுத்தது சுற்றுக்கு 100 கன சென்டிமீட்டர் தள்ளும் 7பி10. உருவம் சிறியது. வெப்பத்தைத் தடுத்த பிறகு அது போதும் என்று கணித்தேன். வழக்கமாகக் கம்ப்ரசரை என்ஜினின் மேல்பக்கத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைப்பார்கள். எனக்கு அது வலப்பக்கம், கீழே, சேஸிஸ் சட்டத்தை ஒட்டி வேண்டும். இடப்பக்கம் ஸ்டீயரிங் பெட்டி இருப்பதால் வேறு வழியும் இல்லை. ஆனால் செவர்லே 350இல் பெட்ரோல் பம்ப் சரியாக அந்த வலப்பக்கக் கீழ் மூலையில்தான் இருக்கிறது. பம்பைக் கழற்றி அதன் வாயைத் தகடு போட்டு மூடினேன். அதற்குப் பதிலாக மின் பம்ப் ஒன்றைப் பின்னால், பெட்ரோல் டேங்குக்கு அருகே பொருத்தினேன். பம்ப் போன இடத்தில் கம்ப்ரசர் உட்கார்ந்தது. அதைப் பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்தலாம். ஹோஸ் இணையும் வாய்கள் மட்டும் கீழ்நோக்கிப் போகக் கூடாது. பிராக்கெட்டுக்கு முதலில் அட்டை, பிறகு மரப்பலகை, கடைசியில் கனத்த இரும்புத் தகடு என்று மாதிரி செய்துகொண்டேன். பெல்ட்டைச் சுழற்றும் என்ஜினின் கிராங்க் புல்லியும் கம்ப்ரசர் புல்லியும் ஒரே கோட்டில் நிற்பதை நேர்விளிம்பு வைத்துப் பார்க்காமல் வெல்டிங் செய்யவே கூடாது. சற்று விலகினாலும் பெல்ட் கத்தும், சீக்கிரம் தேயும். எல்லாம் பொருந்திய பிறகு மங்கலான கறுப்பு பெயின்ட் அடித்தேன். குரோம் பூசியிருந்தால் இத்தனை பாடுபட்டதற்கு அர்த்தமே இருந்திருக்காது.

கேஸின் வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சரில் சிக்கல் குறைவு. கிரிலுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இடம் சிறிது என்பதால் மெல்லிய பேரலல் ஃப்ளோ வகை. ரேடியேட்டரை ஒட்டி வைத்து, ஓர இடைவெளியை நுரைப்பட்டையால் அடைத்தேன். இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியில் சுற்றிப் போய்விடும். கிரில் கம்பிகளுக்கு நடுவே அலுமினியம் மின்னாமல் இருக்க மிக மெல்லியதாக ஒரு கறுப்புப் பூச்சு. தடித்துப் பூசினால் வெப்பம் வெளியேறாது.

உள்ளே, காற்றைக் குளிர்வித்து ஊதும் குளிர்பெட்டிக்கு இடம் பிடிப்பது தனிப் போராட்டம். இந்தக் காரில் முன்கண்ணாடிக்கு முன்னால், மேலே திறக்கும் காற்று வழி ஒன்று உண்டு. அதன் நெம்புகோல், டேஷ்போர்டுக்குப் பின்னால் பெட்டி உட்கார வேண்டிய இடத்திலேயே இறங்குகிறது. பலர் அந்த மூடியை வெல்டிங் செய்து அடைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாலை நேரத்தில் அதைத் திறந்துவைத்து ஓட்டுவது இந்தக் காரின் பெரிய சுகங்களில் ஒன்று. நெம்புகோலைச் சுருக்கி வளைத்து, பெட்டியை வலப்பக்கமாகத் தள்ளி, இரண்டுக்கும் இடம் கொடுத்தேன். மூடிக்குப் புதிய ரப்பர் போட்டதால் மூடினால் காற்று கசிவதில்லை.

நடுவில் முட்டை வடிவ மீட்டர் தகடு கொண்ட அந்த டேஷ்போர்டில் ஒரு துளைகூடப் போடவில்லை. காற்று வரும் வாய்களை அதன் கீழ் விளிம்புக்கு உட்புறமாக, மங்கலான கறுப்பில், சீட்டை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறேன். குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஃபேன் வேகத்துக்கும் குளிர் அளவுக்குமான குமிழ்கள் ஸ்டீயரிங் தண்டுக்கு அருகே, கீழ்நோக்கி மடங்கும் சிறிய தகட்டில் இருக்கின்றன.

ஹோஸ்களை என்ஜினுக்கு மேலே கொண்டுபோகாமல் சேஸிஸ் சட்டத்தின் உட்பக்கமாகவே ஓட்டினேன். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகே வெப்பத் தடுப்புத் தகடு. நுனிகளைக் காரிலேயே பொருத்தி, திரும்பும் கோணத்தைக் கோடு கிழித்துக் குறித்து, பிறகே கழற்றி அழுத்திப் பிணைக்க அனுப்ப வேண்டும். அலுமினிய இணைப்புகளை முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர்கள் அவசியம். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரைத் தரைக்கு அடியில் செங்குத்தாக நிறுத்தி, அதில் பிரஷர் சுவிட்ச் வைத்தேன். கேஸ் குறைந்தாலும் அழுத்தம் மிதமிஞ்சினாலும் அது கிளட்சைத் துண்டிக்கும். அழுத்தம் சுமார் 250 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) ஆனதும் ரேடியேட்டர் ஃபேனைப் போடும். மின் இணைப்புகளில் புதுமை எதுவும் இல்லை. தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ், கூடுதல் ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டர், அவ்வளவுதான்.

நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்த பிறகு, உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் வெளியேற முக்கால் மணி நேரம் வேக்கம் இழுத்தேன். வால்வை மூடிவிட்டுக் காத்திருந்தும் முள் அசையவில்லை. ஆர்-134ஏ கேஸ் சுமார் 800 கிராம், எடை பார்த்துத்தான் ஏற்றினேன். என்ஜினைக் கிளப்பும் முன் கம்ப்ரசரின் முன்வட்டைக் கையால் பலமுறை சுற்றிவிட வேண்டும். உள்ளே தேங்கிய எண்ணெய் வெளியேறாமல் ஓடினால் வால்வுகள் உடையலாம்.

வெளியே 41 டிகிரி இருந்த பிற்பகலில், நெடுஞ்சாலை வேகத்தில் வாய்களில் வந்த காற்று 8 டிகிரி. சட்டை முதுகில் ஒட்டாமல் இந்தக் காரில் நகரைக் கடந்தது அன்றுதான், அந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. சிக்னலில் நீண்ட நேரம் நின்றால் 14 வரை ஏறுகிறது. என்ஜின் வெப்பமும் 82இலிருந்து 97 வரை போகிறது. ஆபத்தில்லை என்றாலும் எனக்குத் திருப்தியில்லை. ரேடியேட்டர் ஃபேனின் உறை ஓரத்தில் காற்று திரும்பிச் சுற்றுகிறது என்பதை ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்து உறுதிசெய்தேன்.

நிறுத்தியதும் காருக்கு அடியில் சொட்டும் நீர் இன்னொரு சங்கதி. ஜூலையில் இங்கே பருவமழைக் காற்று ஈரத்தோடு வரும்போது அது இன்னும் அதிகமாகும். விவரம் தெரிந்தவருக்கு அந்த ஈரமே போதும். வடிகுழாயைச் சரிவு குறையாமல் கியர்பாக்ஸுக்குப் பின்னால் கொண்டுபோய் விடப் போகிறேன். அதற்கு முன் ஃபேன் உறையைப் புதிய தகட்டில் வெட்ட வேண்டும்; அளவு எடுத்தாயிற்று.