பீரோவுக்குப் பின்னால் ஒரு ரவுட்டர்

மூன்று நாளாக வைஃபை வருவதும் போவதுமாக இருந்தது. கஸ்டமர் கேரில் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதோடு சரி. ரவுட்டரில் சிவப்பு விளக்கு இல்லை. ஒயரைச் செருகினால் லேப்டாப்பில் நெட் பறக்கிறது. அப்படியென்றால் கோளாறு வைஃபையில்தான்.

பிரவுசரில் 192.168.1.1 போட்டு ரவுட்டர் செட்டிங்ஸுக்குள் நுழைந்தேன். சேனல், அதாவது வைஃபை ஓடுகிற தடம், 'ஆட்டோ'வில் கிடந்தது. போனில் ஒரு ஆப் வைத்துப் பார்த்தால், அக்கம்பக்கத்து வைஃபை ஒன்பதும் எங்களுடையதும் 6ஆம் சேனலில் இடித்துக்கொண்டு நிற்கின்றன, தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் மாதிரி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும் சேனல்கள் 1, 6, 11தான். 11க்கு மாற்றினேன். டிவியை ரவுட்டரின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளினேன்.

அப்புறம், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்த ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்தேன். அதை அங்கே வைத்ததே நான்தான் என்பதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.